படிக்காத மின்னஞ்சல் ஏதும் இல்லை

உங்கள் செல்போனில் மின்னஞ்சல் படத்தின் மேல் சிவப்பாக ஓர் எண் நிற்கிறதே, அதை வைத்துக்கொண்டு எப்படி ஐயா நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள்? நான் வந்ததிலிருந்து அது கூடிக்கொண்டே போகிறது. எனக்குக் கால் தரிக்கவில்லை. கொஞ்சம் கவிழ்த்து வைத்துவிடுங்கள். நன்றி. இனி ஒழுங்காகச் சொல்லிவிடுவேன்.

என் பெயர் ஆனந்தகுமார். ராஜபாளையம் ரோட்டில் ஆயத்த ஆடை கம்பெனி வைத்திருக்கும் கோமதிநாயகத்துக்கு உதவியாளர். அவருடைய மின்னஞ்சலும் காலண்டரும் என் பொறுப்பு. நான் சேர்ந்தபோது அவரது மின்னஞ்சல் பெட்டி, சந்தை கலைந்த இடம் மாதிரி கிடந்தது. நான்தான் பெருக்கிச் சுத்தம் செய்தேன். என் முறை எளிது. ஒரு மெயிலை ஒரு தடவைதான் திறக்க வேண்டும். திறந்தால் பதில் போடு, வேறு ஆளுக்குத் தள்ளு, இல்லையென்றால் அழி. காலண்டரில் வாரத்துக்கு ஒரு நாளாவது வெள்ளையாக விடு. கணக்குப் பிரிவு அபிஷா இதைக் கற்றுக்கொண்ட பிறகு தலைவலியே வருவதில்லை என்றாள். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எஸ்ராதான் கட்டுப்படாத ஆள். பராமரிப்பு மேற்பார்வையாளர், பனவடலிசத்திரத்துக்காரர். குழாய் சொட்டினால் மெயில், ஜெனரேட்டர் இருமினால் மெயில், ஒவ்வொன்றுக்கும் நாலு படம், எல்லாவற்றுக்கும் தலைப்பு ‘அவசரம்’. நல்ல மனுஷர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பெயர் திரையில் வந்தாலே என் உள்ளங்கை வேர்க்கும். நான் காலி செய்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து விழும்.

அதனால் முதலாளியின் மெயிலில் ஒரு ஏற்பாடு செய்தேன். எஸ்ராவிடமிருந்து எது வந்தாலும் அது தனிப் பெட்டிக்குள் போய், படித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும். முதலாளி பெயரில் ஒரு பதில் தானாகவே போகும்: ‘பார்த்துவிட்டேன். ஆவன செய்கிறேன்.’ அவருக்கும் ஆறுதல், எனக்கும் நிம்மதி. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால், கடைசி நாள் அம்மன் காட்சி முடிந்த மறுநாள் மதியம்வரை செல்போனைத் தொடமாட்டார். கோயிலே கதியாகப் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார். ‘ஆனந்து, நீரே பாத்துக்கிடும்’ என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த நாட்களில் மெயிலில் நான்தான் முதலாளி. கம்பெனியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. தபசுக்கு நாங்கள் லீவு போட்டால் கிறிஸ்தவ ஆட்கள் காவலுக்கு நிற்பார்கள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் நிற்போம். அது யாரும் உத்தரவு போட்டு வந்ததல்ல.

இந்த வருஷம் தபசு அன்றைக்கு எஸ்ரா நின்றார். அதை நினைத்துத்தான் முன்கூட்டியே கம்பெனி காலண்டரில் அந்தத் தேதியில் ஒன்றை ஏற்றியிருந்தார். மெயிலைத்தான் நான் அடைத்திருந்தேன், காலண்டரை அல்ல. ‘சரக்கு லிப்ட் கயிறு பிரிகிறது. கம்பெனி மூடியிருக்கும்போதே மாற்றிவிடலாம். மதுரையிலிருந்து மெக்கானிக் வருகிறார்.’ திறந்து படித்தேன். ஒரு தடவைதான்.

நீங்கள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த மாதத்தில் வெள்ளையாக மிச்சமிருந்தது அந்த ஒரு கட்டம்தான். வேலை ஓய்ந்தபோதெல்லாம் அதைத் திறந்து பார்த்துக்கொள்வேன். அதில் எஸ்ரா கறுப்பாக எழுதி வைத்திருந்தார். அழித்தேன். ரத்து என்ற தகவல், எஸ்ரா அதில் சேர்த்திருந்த மெக்கானிக்குக்கு முதலாளி பெயரில் தானாகப் போய்விட்டது. தபசு அன்று மாலை காட்சி மண்டபத்துக்கு முன்னால் கூட்டத்தில் நெருக்குண்டு நின்றபோதுகூட, நீண்ட நாளைக்குப் பிறகு என் மனசு அமைதியாக இருந்தது.

மெக்கானிக் வராததால் எஸ்ரா அவருக்குப் போன் செய்திருக்கிறார். முதலாளியே ரத்து செய்துவிட்டார் என்று தெரிந்ததும் லிப்ட்டைப் பூட்டிவிட்டு, முதலாளிக்கு மெயில் போட்டிருக்கிறார். ‘பார்த்துவிட்டேன். ஆவன செய்கிறேன்’ என்று பதிலும் வந்திருக்கிறது.

மறுநாள் காலை ஆட்கள் வந்துவிட்டார்கள். மேல்மாடிக்குப் போகவேண்டிய துணிக் கட்டுகள் வாசலை அடைத்துக் கிடந்தன. எஸ்ரா என்னைப் போனில் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, லிப்ட பூட்டித்தான் வச்சிருக்கேன். முதலாளி பாத்துட்டேன்னு பதில் போட்டிருக்காவ, ஆனா என்ன செய்யணும்னு சொல்லல. கொஞ்சம் கேட்டுச் சொல்லுதியளா?”

கேட்பதானால் நான் கோயிலுக்குப் போக வேண்டும். போனால் மெக்கானிக் விஷயம் வரும், தனிப் பெட்டி விஷயம் வரும். எல்லாவற்றையும் திரும்பத் திறக்க வேண்டும்.

“கேட்டாச்சு. ஓட்டச் சொல்லிட்டாவ” என்றேன்.

அவர் கேட்டார்: “கட்டு மட்டுமா, ஆளும் ஏறலாமா அண்ணாச்சி?”

“எப்பவும் போல ஓட்டும் வே.”

கட்டுகளோடு எங்கள் ஆட்களும் ஏறிக்கொள்வது எப்போதும் உள்ளதுதான். தையல் பிரிவு இசக்கிச்செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் உள்ளே ஏறி நின்றிருந்தார்களாம். எஸ்ரா அவர்களை இறக்கிவிட்டு, ‘முதல் நடை நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று தனியாக ஏறினார். மூன்றாவது மாடியை எட்டுவதற்குள் கயிறு அறுந்தது. மற்றதை, விசாரணைக்கு வந்தபோது நீங்களே நேரில் பார்த்தீர்கள்.

அன்றே தனிப் பெட்டியை முழுசாக அழித்தேன். எஸ்ரா தன் இஷ்டத்துக்கு ஓட்டினார் என்று உங்களிடம் முதலில் சொன்னதும் நான்தான். ஜெபிதா மட்டும் மெயில் போடாமல் இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். எஸ்ராவின் மனைவி. துக்க வீட்டில் முதலாளி அவளுக்கு எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் வாய்விட்டுக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. புருஷனுடைய போனிலிருந்தே அவருக்கு எழுதியிருக்கிறாள்: ‘கயிறு பிரிகிறது என்று தெரிந்துமா ஓட்டச் சொன்னீர்கள்?’ முதலாளியின் இரண்டு கையும் மடியில் இருக்கும்போதே அவளுக்குப் பதில் வந்துவிட்டது. பார்த்துவிட்டேன். ஆவன செய்கிறேன். அவள் போனை அவர் முன்னால் நீட்டியிருக்கிறாள்.

அந்த ஏற்பாட்டை நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்கிறீர்கள். எஸ்ராவிடமிருந்து இனி மெயில் வராது என்றுதானே விட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். காலண்டரில் அழித்தவன் நான். கேட்காமலே கேட்டேன் என்றவன் நான். கயிறு பிரிவது தெரிந்தே ஓட்டச் சொன்னவன் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும் ஐயா, என் வேலையைப் பற்றி யாரும் தப்பாகப் பேசிவிடக் கூடாது. எஸ்ரா என்னைக் கூப்பிட்ட அந்த நேரத்தில், என் திரையில் படிக்காத மின்னஞ்சல் ஒன்றுகூட இல்லை.