ஈஸ்ட்டுன்னா எனக்கா சொல்றீங்க?

ஈஸ்ட்டா? யார்கிட்ட வந்து ஈஸ்ட்டுங்கிறீங்க டாக்டரம்மா? இருபத்திரெண்டு வருஷமா பேக்கரி அடுப்புல வேகுறவன் நான். தெனம் இந்தக் கையாலதான் மாவுல ஈஸ்ட்டக் கலக்குறேன். அதுவா வந்து என் முதுகுல குடியேறிடுச்சு?

சரிங்க, அது வேற, இது வேற. புரியுது. கத்தலைங்க, என் தொண்டையே இப்படித்தான். மாவு பிசையிற மெஷினுக்கு மேல பேசிப் பேசி இப்படி ஆயிடுச்சு.

ஆனா இது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். என் சம்சாரம் குடுத்தது. அவளுக்குக் கழுத்து, முதுகெல்லாம் இதே மாதிரி திட்டுத்திட்டா தேமல்.

என்னது, ஒட்டாதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எல்லார் தோல்லயும் இருக்கா? உங்களுக்குமா? அது பாட்டுக்கு சும்மா கெடக்கும், சூடும் வேர்வையும் எண்ணெப்பசையும் சேந்தா பெருகிடுமா?

அடச்சே! கதகதப்பா வெச்சா பொங்கும்னு எனக்கா தெரியாது? அப்ப அந்த அடுப்புதானா? அவள அதுக்குப் பக்கத்துல நிறுத்தி பன் அடுக்க வெச்சதே நான்தான்.

ஏங்க, இத அன்னைக்கே ஒருத்தராவது சொல்லித் தொலைக்கக் கூடாது? ஆளாளுக்கு ஒட்டுவாரொட்டி, ஒட்டுவாரொட்டின்னானுங்க. நானும் அவளுக்குத் துண்டு தனி, டம்ளர் தனி, படுக்கை தனின்னு ஆக்கிட்டேன். புள்ளையத் தூக்க வந்தா கையத் தட்டிவிட்டேன். ஆமா, நானேதான், வேற யாரு? டாக்டர்கிட்டயா? எங்க கூட்டிட்டுப் போனேன்! எலுமிச்சம்பழத்தத் தேயின்னேன். எரியுதுன்னு அழுதா. நல்லா எரியட்டும், அப்பத்தான் சாகும்னேன். என்னை என்ன பண்ணலாம் சொல்லுங்க!

தண்ணியெல்லாம் வேணாம். நீங்க எழுதுங்க.

களிம்பா? முதுகு பூரா தடவணுமா? எனக்குக் கை எட்டாதுங்க.

அவங்களத் தடவிவிடச் சொல்லுங்கன்னா எப்படி? அவ புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயி மூணு வருஷமாச்சே. வீட்ல நான் ஒருத்தன்தான். என்னை இன்னொருத்தர் தொட்டே மூணு வருஷமாகுது, யார்கிட்டேருந்து ஒட்டும்? இது கூடத் தோணல பாருங்க, இந்த மரமண்டைக்கு.

ஷாம்பூ மாதிரி எதுனா இருந்தா குடுங்கம்மா. தோள்லேருந்து ஊத்திக்கிட்டா அதுவா வழிஞ்சு எறங்கிக்கும்.