தோல் இல்லாத ஷூ

பொய் என்று தெரிந்தும் ஒருமுறை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுபதுகளில், காஞ்சிபுரத்தில் ஒரு செருப்புக் கடையில் அது நடந்தது. திருப்பருத்திக்குன்றத்துச் சமண அம்மாள் ஒருவர் கான்வாஸ் ஷூவை மூக்கருகே வைத்து மோந்துகொண்டிருந்தார். மகனுக்கு ஜவ்வாது மலையில் சர்வே வேலை கிடைத்திருந்தது.

"இன்னாமா, ஷூவப் போயி மோந்துக்கினு? பாறை ஏறணும், லேசா இருக்குதான்னு பாரு" என்றான் மகன்.

"தோலு இருந்தா நீ மலைக்கே போவாணாம்."

"துணியும் ரப்பரும்தாம்மா, தோலே கெடையாது" என்றார் கடைக்காரர்.

நானும் அதே ரக ஷூ வைத்திருந்தேன். அது பிய்ந்தபோது அடித்துணிக்குக் கீழே தோல் இருந்ததைப் பார்த்தவன். ஆனால் கடைக்காரர் எனக்கு வேண்டியவர். அவர்கள் ஷூவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மனசு கேட்காமல் மூன்றாம் நாள் சைக்கிளில் அவர்கள் ஊருக்குப் போய் வீட்டை விசாரித்தேன். வாசலில் நின்ற மகனிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சார். அன்னிக்கே கீறிப் பாத்துட்டேன். இவ்ளோ லேசா வேற கெடைக்கல. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அதற்குள் அம்மாள் வெளியே வந்து, "இன்னா விஷயம்பா?" என்றார்.

"ஷூ எப்படி இருக்குதுன்னு கேக்க வந்தேம்மா."

"சுத்தமான ஷூபா. நீயும் ஒரு ஜோடி வாங்கிக்க" என்றார்.