பாதிக்கு மேல் திருகியதில்லை

ஸ்பீக்கரை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. காய்ந்த பனியன் துணிதான் சரி. காற்றுப் போகும் துளைகளுக்குப் பெயிண்ட் பிரஷ், அதுவும் புதிதாக இருக்க வேண்டும். எங்கள் திருச்சுழியில் காற்றடி காலத்தில் காலையில் துடைத்தால் மத்தியானம் அதன்மேல் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு புழுதி. பதினான்கு வருஷமாகத் தினம் இரண்டு வேளை துடைத்திருக்கிறேன். ஒரு கீறல் கிடையாது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

அந்தச் செட்டு என் கணவர் ஹாஜா நஜ்முதீன் சவூதியில் தான் வேலை பார்த்த தம்மாமிலிருந்து கொண்டு வந்தது. இடுப்பு உயரத்தில் இரண்டு பெட்டி, ஒரு ஊஃபர், ஒரு ஆம்ப்ளிஃபயர். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வந்து நாற்பது நாள் கேட்பார். சத்தம் வைக்கும் குமிழுக்குப் பக்கத்தில், பாதி அளவுக்கு நேராக, வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார். அதைத் தாண்டினால் ஸ்பீக்கர் கிழிந்துவிடுமாம். அவர் இல்லாதபோது நான் போட்டுக் கேட்கக் கூடாது. துடைக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வீடியோ கால் வரும். முதலில் செட்டைக் காட்ட வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், ஒயர், ஸ்டெபிலைசர் முள். சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று என் கையை விரித்து வைத்துக் காட்டுவேன். என் கையை அவர் நிறைய பார்த்திருக்கிறார். குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம், பரளச்சியில் என் அம்மா இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அவருக்குப் போன் போட்டு, அம்மா போயிட்டாக என்றேன். அவர் கேட்டார்.

"பின்னால இடிச் சத்தம் கேக்குதே. ப்ளக்கப் புடுங்கிட்டியா?"

பிடுங்கினேன். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கையே எடுத்துவிட வேண்டும். அவர் சொன்னது சரிதான். ஓடு ஒழுகினாலும் ஒழுகும், பெட்டிமேல் பாலிதீன் போட்டுக் காட்டு என்றார். போட்டுக் காட்டினேன். அதற்குள் பரளச்சி பஸ் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டி கஃபன் துணி போட்டு முடித்திருந்தார்கள். என் கையால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றவில்லை. அது இன்னும் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து, ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், தெருவே சொல்லும். உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. கஞ்சி புரையேறினால் உடனே ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் தட்ட வேண்டும் என்று நர்ஸ் அனுசியா செய்து காட்டியிருந்தார். என்னைக் கூப்பிடுவதற்காக அவருடைய இடது கையில் ஒரு எவர்சில்வர் கரண்டி கொடுத்திருந்தேன். கட்டில் கம்பியில் தட்டுவார்.

அதன் பிறகுதான் நான் செட்டைப் போட ஆரம்பித்தேன். முதல் நாள் கரண்டி விடாமல் தட்டியது. போய்ப் பார்த்தேன். கண்ணால் ஹாலைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பாதிக்கு மேல வைக்கல. பயப்படாதீக" என்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கஞ்சி ஊட்டி, தலையணையில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, ஹாலில் பாட்டுப் போட்டேன். அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகள். அன்றைக்குத்தான் அவர் இறந்தார்.

மறுநாள் கொழுந்தன் சகாபுதீன் வாசலில் நின்றபடியே மெதுவாகச் சொன்னார். "சத்தமா வச்சிருந்தீக போல, மதினி. அதான் கேக்கல. மனசப் போட்டுக் குழப்பிக்காதீக."

நல்ல மனசோடுதான் சொன்னார். தெருவும் அதையே சொல்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதினான்கு வருஷம் காத்த பொருளை நான் கண்டபடி அலற விட்டேனாம். அந்தப் பழி எனக்கு வேண்டாம்.

அன்று மூன்றாவது பாட்டு ஓடும்போது உள்ளறையில் இருமல் கேட்டது. பிறகு கரண்டி. நான் உடனே எழுந்தேன், செட்டை நிறுத்த. ஓடும்போது ப்ளக்கைப் பிடுங்கக் கூடாது. முதலில் சத்தத்தை மெல்லக் குறைத்து அடிக்குக் கொண்டு வர வேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபயர். சிவப்பு விளக்கு தானாக அணையும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு ஸ்டெபிலைசர், கடைசியில் ப்ளக். சூட்டோடு உறை போட்டு மூடக் கூடாது. கை வைத்துப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆற இருபது நிமிஷம் ஆனது. கரண்டி அதற்கு வெகுநேரம் முன்பே கீழே விழுந்துவிட்டது. உறையைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

சகாபுதீனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். குமிழ் கோட்டைத் தாண்டவில்லை. பாதியில் வைத்தால் உள்ளறையில் தட்டுவது நன்றாகக் கேட்கும். அணைத்த பிறகு இன்னும் நன்றாகக் கேட்டது.