கட்டடம்னு எழுதுற கை

இல்லம்மா, கதவு சாத்தியே இருக்கட்டும். புழுக்கமெல்லாம் இல்ல, இது பயத்துல வர்ற வேர்வை. வக்கீல் ஆபீசுக்கு வர்றது இதான் முதல் தடவை. இருபத்திரண்டு வருஷமா பேப்பர்ல பிழை திருத்துறேன். தப்பு பண்றதெல்லாம் மத்தவங்க வேலைன்னு இருந்துட்டேன்.

ஆமா, அந்தச் செய்திதான். ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுத் தூண்ல விரிசல்னு என்ஜினியர் ஒரு அறிக்கை கொடுத்திருக்காரு. மேலதிகாரி அதை அமுக்கிட்டு, எல்லாம் பத்திரமா இருக்குன்னு வேற ஒண்ணு தயார் பண்ணிட்டாரு. அமுக்கினதை நாங்க போட்டோம். மறுநாளே வார்டைக் காலி பண்ணிட்டாங்க. எண்பது குழந்தைங்கம்மா. அதுல எனக்கு வருத்தமே இல்ல, அதையும் எழுதிக்குங்க.

இப்ப விசாரணைன்னு, அந்தப் பக்கத்துல கை வச்ச எல்லாருக்கும் ஓலை வந்திருக்கு, எனக்கும். யாரு கொடுத்தான்னு கேப்பாங்க. சொல்லித்தான் ஆகணுமா? சரி, விசாரணைக் குழு கேட்டா மறுக்கலாம். கோர்ட்டே உத்தரவு போட்டா? உள்ளயா! எத்தனை நாளு? சர்க்கரை மாத்திரை உள்ள கொடுப்பாங்களா? சும்மா கேட்டேம்மா. நான் வாயத் தொறக்க மாட்டேன். தகவல் கொடுத்தவங்களக் காட்டிக் கொடுக்கிறவன் எங்க தொழில்ல மனுஷனே இல்ல.

என் பயம் அது இல்ல. ஒரே ஒரு எழுத்து. ட-வா, டி-யாங்கிறது.

சிரிக்காதீங்கம்மா. கட்டடம்னா கட்டி எழுப்பினது. கட்டிடம்னா கட்டுற இடம், வெறும் மனை. மனைக்கு ஏது தூணு? எங்க எடிட்டர் ஒத்துக்கவே மாட்டாரு, பேப்பர் பூரா கட்டிடம்தான். ஆனா மேற்கோள்ல ஒரு எழுத்தத் தொடக் கூடாது, அது தொழில் தர்மம். அறிக்கையில கட்டடம்னு சரியா இருந்துச்சு. பூரிச்சுப் போயி, எழுத்து மாறாமல்னு தலைப்புக்குக் கீழ நானே ஒரு வரி சேத்தேன். அந்தப் பக்கத்துல எல்லா இடத்துலயும் கட்டிடம், அறிக்கையோட நாலு வரியில மட்டும் கட்டடம்.

அந்த மேலதிகாரி முட்டாள் இல்லம்மா. அவர் ஆபீஸ்ல டைப் அடிக்கிறவங்க ஆறு பேரு. அறிக்கைய அவரே கிழிச்சுப் போட்டாச்சு, இப்ப கையில இருக்கறது எங்க பேப்பர்ல வந்த நாலு வரிதான். யாரு அடிச்சதுன்னு எங்கயும் பதிவில்ல, என்ஜினியரும் மூச்சு விடல. ஆறு பேரையும் நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உக்கார வச்சு டிக்டேஷன் கொடுக்கப் போறாரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி. கட்டடம்னு எழுதுற கை மாட்டிக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? எங்க அக்கா அந்த ஆறுல ஒருத்தி. ஆமாம்மா, அவதான் அடிச்சது. அவ சரியா எழுதுறதுக்கும் நான்தான் காரணம். கல்யாணமாகிப் போன புதுசுல அவ போட்ட லெட்டரையெல்லாம் சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்புவேன். மாமா ரெண்டு மாசம் எங்கூடப் பேசல.

பென்ஷனுக்கு இன்னும் மூணே வருஷம் அவளுக்கு. வேலை போறதோட நிக்காதுல்ல? ரகசியத்த வெளிய விட்டான்னு கேசும் போடுவாங்களா? ஜெயிலா, அவளுக்கா?

கொஞ்சம் தண்ணி இருந்தா கொடுங்க.

புரியுதும்மா. வக்கீலா நீங்க அதைச் சொல்லக் கூடாது, முகத்துல தெரியுது. நாளைக்கு ஒருநாள் கட்டிடம்னு தப்பா எழுதிட்டு வந்துடுன்னு அவகிட்டச் சொல்லிடலாந்தான். ஏன்டான்னு கேப்பாளே. நேத்தே கேட்டா, நீயாடான்னு. எங்க ரிப்போர்ட்டருக்கு எங்கிருந்து கெடச்சுதோ, எனக்கென்னக்கா தெரியும்னுட்டேன்.

இல்லம்மா, அவ கொடுக்கல. சரிபாக்கறதுக்குன்னு அவ வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருந்தா, அன்னிக்கு நானும் அங்க போயிருந்தேன். அவ குளிக்கப் போயிருந்தப்ப பையில இருந்து எடுத்து, நான்தான் படம் பிடிச்சேன். பெயர் வெளியிட விரும்பாத ஊழியர் அளித்ததுன்னு செய்தியில சேத்ததும் நான்தான். விருப்பமா இல்லியான்னு அவள யாரும் கேக்கவே இல்லியேம்மா.