தாங்கிய கைகளுக்கு நன்றி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் மகப்பேறு மருத்துவர் சரோஜம் அவர்களே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பிரசவ அறைச் செவிலி, ஜெயபாய் அக்கா அவர்களே! வலியசாலைப் பெரியோர்களே! பெற்ற வலியைப் பேசாமலே பொறுத்த தாய்மார்களே! பத்மப்ரியா வணங்கி நிற்கிறேன்.

பிரசவத்தில் பெண்ணுடல் கிழிவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பின்வரிசையில் யாரோ எழுந்துவிட்டீர்களே? உட்காருங்கள் மாமா! நாம் எல்லோரும் இந்த உலகுக்கு வந்த வழிதானே அது?

என் மூத்த மகள் வேறோர் ஊரில் பிறந்தாள். "முக்கு, முக்கு" என்று சுற்றி நின்றவர்கள் கூவினார்கள். மூச்சடக்கி முக்கினேன். மகள் வந்தாள், மலவாய்த் தசைவரை கிழிந்தது. தையல் ஆறியது, தவிப்பு ஆறவில்லை! சிரிக்கப் பயம், தும்மப் பயம், கோயில் கூட்டத்தில் நிற்கப் பயம்! வாயு அடங்காது; சில நாள் மலமும் அடங்காது. யாரிடம் சொல்வேன்? என் மாமியார் சுப்புலக்ஷ்மி அம்மாளிடம் அரைகுறையாகச் சொன்னேன். "பிரசவம்னா அப்படித்தாண்டி. சகிச்சுக்கணும்" என்று எழுந்து போய்விட்டார்.

பிறகுதான் டாக்டர் சரோஜத்திடம் வந்தேன். மலத்தையும் வாயுவையும் அடக்கும் இடுப்படித் தசைக்குப் பயிற்சி தந்தார், தேறினேன். மறுபடி கரு தங்கியபோதோ, மகிழ்ச்சிக்கு முன்னே அச்சம் வந்தது! டாக்டர் சோதித்தார். அறுவை செய்துகொள்ளலாம், சுகப்பிரசவத்துக்கும் முயலலாம் என்று இரண்டின் நன்மை தீமைகளையும் சொல்லி, முடிவை என்னிடம் விட்டார். முயல்கிறேன் என்றேன்.

எட்டாம் மாதம் முடிகையில், கை கழுவி, சுத்தமான எண்ணெய் தொட்டு, பிறப்புவாயின் கீழ்த்தசையை மெல்ல நீவி இளக்க ஜெயபாய் அக்கா கற்றுத்தந்தார். பிரசவத்தன்று ஒருக்களித்துப் படுக்கவைத்தார். வெந்நீரில் பிழிந்த துணியை இதமான சூட்டில் அங்கே ஒற்றினார். தலை தெரிந்தது. எந்தப் பெண்ணையும் 'மக்களே' என்றுதான் அக்கா அழைப்பார்.

"மக்களே, இனி முக்காத, கேட்டியா! வாயத் திறந்து ஊது. தல பைய வரட்டும்."

"முடியலை அக்கா! தள்ளணும்போல இருக்கு!"

"எனக்குத் தெரியும் மக்களே. என் கை அங்கதான் இருக்கு. ஊது!"

ஒரு கை தலையின் வேகத்தைத் தணித்தது. மறு கை என் தசையைத் தாங்கியது. மகன் வந்தான்! மெல்லிய கீறல் ஒன்று, அவ்வளவே! மறுநாள் காலை உட்கார்ந்து பாலூட்டினேன். சிரிக்கிறீர்களா? உட்காருவது எத்தனை பெரிய வரம் என்று தையல் போட்டவளைக் கேளுங்கள்!

எத்தனை கவனித்தாலும் சிலருக்குக் கிழியத்தான் கிழியும். அது அவர்கள் குற்றமா? இல்லை! அதற்கு மருத்துவம் இல்லையா? உண்டு!

அன்று மாலை என் மாமியார் கட்டிலருகே வந்தமர்ந்தார். குரல் தாழ்ந்தது.

"எனக்கும் அப்படித்தாண்டி, அபிஜித் பொறந்ததுலேர்ந்து. யார்ட்டயும் சொன்னதில்லை. இப்போ காட்டினா சரியாகுமோ?"

என் கணவர் அபிஜித்துக்கு அப்போது வயது முப்பத்தைந்து! அத்தனை காலம் அந்தத் தாய் வாய் திறக்கவில்லை. அவரையும் டாக்டரிடம் அழைத்துப்போனேன். பயிற்சியால் இன்று பெரிதும் தேறி, இதோ முன்வரிசையில் இருக்கிறார். "இதை மேடையில சொல்லட்டுமா அம்மா?" என்று காலையில் கேட்டேன். "சொல்லு. என் பேரையும் சேர்த்தே சொல்லு" என்றார்!

தாய்மார்களே, உங்களில் யாருக்கேனும் அந்தத் தவிப்பு இருந்தால், வெட்கப்படாமல் வாருங்கள். துணைக்கு நானும் என் மாமியாரும் வருகிறோம். டாக்டருக்கும், என்னைத் தாங்கிய அக்காவுக்கும், இருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி! வணக்கம்!