பரிபூரணத்தின் தனி இலை

வெகு காலத்துக்கு முந்தி, இந்தத் தேரிக்காட்டுச் செம்மணலு ஒரு எடத்துல நிக்காம காத்து அடிச்ச பக்கமெல்லாம் நடந்துக்கிட்டுக் கெடந்த காலம். அப்போ அமைதிவிளைன்னு ஒரு ஊரு. பதினாலே பதினாலு வீடு. பழைய சபையோட மல்லுக்கட்டி, "எங்களுக்குப் பகட்டும் வேண்டாம் பவுசும் வேண்டாம்"னு பிரிஞ்சு வந்தவிய.

பொன்னு போடமாட்டாவ. வெள்ளை தவிர வேற நெறம் உடுக்கமாட்டாவ. பாம்படம் போட்டுத் தொங்கின காதைக்கூட வெட்டித் தச்சுக்கிட்டாவளாம், பாத்துக்கிடுங்க. சத்தியம் பண்ணமாட்டாவ, கோர்ட்டுப் படி ஏறமாட்டாவ, வீட்டுக்குப் பூட்டுப் போடமாட்டாவ. இன்னொண்ணும் உண்டு. நல்லது செஞ்சா வெளிய சொல்லக்கூடாது. கண்ணு தெரியாத ஒரு கிழவன் வீட்டுப் பானையில தெனமும் தண்ணி நெறஞ்சு கெடக்குமாம். யாரு நெறச்சான்னு அவரும் கேக்கமாட்டாரு, நெறச்சவளும் மூச்சு விடமாட்டா. சொல்லிட்டா அந்த நன்மை அழிஞ்சு போச்சுன்னு அர்த்தம். நல்ல சட்டந்தான், நான் கொறை சொல்லல. ஆனா அது ஒருத்திய என்ன பாடு படுத்திச்சுன்னு கேளுங்க.

அந்த ஊருச் சபைய நடத்துன மூப்பர் பேரு சுவிசேஷமுத்து. அவரு பெஞ்சாதி அன்னப்பழம். அந்த அன்னப்பழம் எங்க வீட்டு ஆளு, எனக்கு அஞ்சு தலைமொறைக்கு முந்தினவ. அதனால இந்தக் கதையில எதையும் மூடி மறைக்க எனக்கு உரிமை கெடையாது.

மூப்பர் வீட்டு மரப்பெட்டியில ஒரு கல்யாண விரிப்பு இருந்துச்சு. மொதமொதல்ல வந்த பொம்பளைய எல்லாருமா, தாங்க கடைசியா உடுத்தின கலர்ச் சீலையில ஆளுக்கு ஒரு துண்டு கிழிச்சு, ஒண்ணா ஒட்டுப்போட்டுத் தச்சது. சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை. அந்த ஊருலயே கலர்னு இருந்தது அது ஒண்ணுதான். எந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னாலும் அது மேல உக்காந்தாத்தான் கல்யாணம்.

மூப்பர் வீட்டைத் தூத்து மொழுவ ஒருத்தி வருவா. அவதான் பரிபூரணம். புருசன் பனையில இருந்து விழுந்து செத்துப்போனான். நேசமணின்னு ஒத்தப் பொம்பளப்பிள்ளை. வெளியூருல இருந்து வாக்கப்பட்டு வந்தவங்கிறதால இருவது வருசம் கழிச்சும் அவ 'வந்தவ'தான். நேசமணிக்கு அந்த ஊருலயே மாப்பிள்ளை பேசி, தேதி குறிச்சாச்சு. தன் வீட்டுலயும் விளக்கு எரியப்போவுதுன்னு பரிபூரணம் சந்தோசத்துல ஒரு சுத்துப் பெருத்துட்டாளாம்.

கல்யாணத்துக்கு நாலு மாசம் இருக்கும்போது அன்னப்பழம் பெட்டியத் தொறந்தா. விரிப்பக் காணோம்! வீடு பூராத் தேடுனா. கெணத்துக்குள்ளகூட எட்டிப் பாத்தா. இல்ல.

"யாருட்டி வீட்டுக்குள்ள வந்தா? நீ ஒருத்திதானே வருவே?"

"நான் எடுக்கல மைனி. என் மவ உக்காரப்போற விரிப்ப நான் ஏன் எடுக்கேன்?"

"போன கல்யாணத்துல அதத் தடவிப் பாத்து, 'எம்மாடி, இந்தச் சிவப்பு என்ன அழகு'ன்னு நீ சொன்னியா இல்லியா?"

சொன்னது நெசந்தான். வாயத் தொறந்து ஒரு நெறத்த அழகுன்னு சொல்லிட்டா. வேற ஊருல இதெல்லாம் ஒரு சாட்சியா? சிரிப்பாவ. அங்க அதுவே போதும். நெறத்துக்கு ஆசைப்பட்டவ கை நீட்டாம இருப்பாளான்னு ஊரு கேட்டுச்சு.

அவளுக்கு விலக்குப் போட்டாவ. விலக்குன்னா அடிக்கமாட்டாவ, ஏசமாட்டாவ. அடிச்சாலும் தேவலன்னு அவளே சொன்னாளாம். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு உள்ள வரக்கூடாது. முடிஞ்சதும் ஊரே கூடத்துல ஒரே பந்தியா உக்காந்து சாப்பிடும். அவளுக்கு மட்டும் வெளிய, முள்ளு உடைமரத்தடியில, மணலுல தனி எலை. யாரும் அவளப் பாத்து 'தோத்திரம்'னு கும்பிடமாட்டாவ. அவ பேரையே ஒருத்தரும் வாயால சொல்லக்கூடாது. "எடுத்தேன்னு ஒத்துக்கோ, அன்னைக்கே உள்ள வா"ன்னாரு மூப்பர். "எடுக்காதத எப்பிடி அண்ணாச்சி எடுத்தேன்னு சொல்ல?"ன்னா அவ.

மூணு மாசம். ஒரு ஞாயிறு, ரெண்டு ஞாயிறு, பன்னெண்டு ஞாயிறு. சுடுமணலுல உக்காந்து, உள்ள மக சிரிக்காளா அழுவுதாளான்னு காத நீட்டிக் கேட்டுக்கிட்டே சோத்தப் பெசஞ்சா. பாதி நாளு சோறு எறங்கல. காக்காய்க்குப் போட்டுட்டு எந்திரிப்பா. பாவி மட்டை, அவ என்ன செய்வா?

பதிமூணாவது ஞாயிறு. எல்லாரும் ஆராதனையில இருக்காவ. அவ மட்டும் வெளிய. முடிஞ்சு அன்னப்பழம் வீட்டுக்குப் போயி அரிசி எடுக்கலாம்னு பாத்தா, பெட்டி மூடி லேசாத் தொறந்து கெடக்கு. உள்ள விரிப்பு! செல்லரிச்ச ஓட்டையெல்லாம் பொடித் தையலா அடைச்சு, புதுசு கணக்கா இருக்கு.

"பாத்தியளா, பயந்துபோயி கொண்டாந்து வச்சுட்டா! ஊரே உள்ள இருக்கும்போது வெளிய இருந்தவ அவ ஒருத்திதானே?"

"மைனி, எனக்கு ஊசியில நூலு கோக்கவே தெரியாதே!"

"நடிக்காதட்டி."

மாப்பிள்ளையோட அப்பன் வந்தான். பரிபூரணம் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே, அங்க நின்ன ஒரு மரத்தப் பாத்துப் பேசுனான். அவ பேரச் சொல்லக்கூடாதுல்லா? "அடுத்த ஞாயித்துக்குள்ள ஒத்துக்கிட்டா கல்யாணம். இல்லன்னா இல்ல."

நேசமணி போயி சுவரப் பாத்துப் படுத்துக்கிட்டா. அந்தப் பிள்ளை ரெண்டு நாளு தண்ணி குடிக்கல. பரிபூரணம் அவ முதுகத் தடவிக்கிட்டே, "அழாதட்டி. அம்மா எடுத்தேன்னு சொல்லிருதேன்"னாளாம்.

அந்த ஞாயிறு அவளக் கூடத்துக்குள்ள விட்டாவ. நடுவுல நின்னா. "நாந்தான் எடுத்தேன். மன்னிச்சிருங்க." ஊரு பூரா அழுதுச்சு. நல்ல அழுகை! மூப்பர் தலையில கை வச்சு ஜெபம் பண்ணுனாரு. அன்னப்பழம் ஓடிவந்து கட்டிப்பிடிச்சா. பந்தியில தன் பக்கத்துலயே எலை போட்டு, பெரிய அகப்பையால சோறு வச்சா. பரிபூரணம் குனிஞ்ச தல நிமிரல.

பந்தி கடைசியில சீயோனம்மான்னு ஒரு பெரிய மனுசி. காது கொஞ்சம் மந்தம். மவ பேறுகாலத்துக்கு மேக்க போயி மூணு மாசம் இருந்துட்டு, போன ஞாயித்துக்கிழமைதான் வண்டியில வந்து எறங்கினா. வந்ததும் காலு வீங்கிப் படுத்துட்டா. அன்னைக்குத்தான் வெளியவே வாரா. பக்கத்துல இருந்தவளச் சுரண்டினா.

"ஏட்டி, அந்தப் பிள்ள என்னத்துக்கு அழுதா? என்ன சொன்னா?"

"விரிப்பத் திருடினத ஒத்துக்கிட்டா பெரியம்ம."

"எந்த விரிப்ப?"

"நம்ம கல்யாண விரிப்பத்தான்."

கெழவி கையில இருந்த உருண்டை எலையிலயே விழுந்துட்டு. எச்சிக்கையோட நெஞ்சப் பிடிச்சுக்கிட்டா. வாயத் தொறந்தா செஞ்ச நன்மை அழிஞ்சு போயிரும். எழுவத்தஞ்சு வயசுவரைக்கும் ஒரு நன்மையக்கூட வாயால சொல்லி அழிக்காதவ அவ. ஆனாலும் எந்திரிச்சா.

"அத எடுத்தது நான்லா! செல்லரிச்சுக் கெடந்துச்சு, கல்யாணத்துக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாம தச்சு வைப்போம்னு கொண்டுபோனேன். போன வாரம் நீங்க ஜெபத்துல இருக்கும்போது நாந்தான் பெட்டியில வச்சேன். அடப் பாவியளா, அந்தப் பிள்ளய என்ன செஞ்சிய?"

மூப்பருக்கு மொகம் செத்துப்போச்சு. ஆனா பதவி இருக்கே, அது சும்மா விடுமா? பரிபூரணத்தப் பாத்து, "அப்போ நீ கடவுளுக்கு முன்னால பொய்யா சொன்னே?"ன்னு கேட்டாரு.

அப்போதான் அவ தல நிமிந்தா.

"ஆமா அண்ணாச்சி. மூணு மாசம் நெசத்தச் சொன்னேன், மணலுல எலை போட்டிய. இன்னைக்கு ஒரு பொய் சொன்னேன், பந்தியில எடம் குடுத்திய."

சோத்தோட எலைய அப்பிடியே ரெண்டு கையாலயும் தூக்கினா. வெளிய போனா. உடைமரத்தடியில போயி உக்காந்தா.

அன்னப்பழம் பின்னாலயே ஓடுனா. "உள்ள வாட்டி. தப்பு எம்மேல. கால்ல விழுதேன், வா எம்மா."

"நான் வரல மைனி. உள்ள எனக்குச் சோறு எறங்காது."

அன்னப்பழம் திரும்பி உள்ள போயி தன் எலையத் தூக்கிட்டு வந்து, ஒரு ஆளு நீளம் தள்ளி மணலுல உக்காந்தா. பரிபூரணம் திரும்பிப் பாக்கல. அடுத்த ஞாயிறும் அன்னப்பழம் வெளியதான். மூணாவது ஞாயிறு சீயோனம்மா எலையோட வந்தா. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாவ. மூப்பருக்கு மட்டும் ஒரு வருசம் ஆச்சு.

நேசமணிக்கு அந்த மரத்தடியிலதான் கல்யாணம். அப்பன் மொறைச்சுக்கிட்டு நிக்க, மாப்பிள்ளப் பையன் தானா வந்து உக்காந்தான், அவன் ஆம்பள. அன்னப்பழம் விரிப்ப எடுத்துட்டு வந்தா. "அது வேண்டாம் மைனி"ன்னு சொல்லிட்டு பரிபூரணம் ஒரு ஓலைப்பாய விரிச்சா.

அவ மன்னிச்சாளான்னு கேக்கியளா? எங்க வீட்டுல இன்னைக்கும் ஒருத்தரும் மன்னிச்சான்னு துணிஞ்சு சொல்லமாட்டாவ. சாவுற வரைக்கும் அந்தக் கூடத்துப் படிய அவ மிதிக்கல.

இப்போ அமைதிவிளைக்குப் போனா அந்த எடத்துக்குப் பேரு பரிபூரணத்து உடைமரம். எரநூறு பேரு உக்காரலாம், அம்புட்டுப் பெரிய கூடம் கட்டி, காத்தாடியெல்லாம் போட்டிருக்காவ. ஆனா ஞாயித்துக்கிழமைப் பந்தி மட்டும் மணலுலதான். வெயிலடிச்சாலும் அங்கதான், மழை பெஞ்சாலும் அங்கதான். புதுசா வந்தவிய, "உள்ள எடமில்லியா?"ன்னு கேப்பாவ.

"எடமெல்லாம் இருக்கு. பரிபூரணம் வரமாட்டேன்னுட்டா"ன்னு சொல்லுவாவ, நேத்து நடந்த மாதிரி.