கறுப்பில்லாத கொடி

மாஹிம் பஸ் வரிசையில் எனக்கு முன்னால் தாராவித் தையல் பட்டறை முதலாளி ஒருவரும் அவருடைய கட்டிங் மாஸ்டரும் நின்றிருந்தார்கள். முதலாளி கையில் ஒரு கொடி, மாஸ்டர் கையில் மடக்கிய குடை.

"இதுல கறுப்பு எங்கல போச்சு?"

"திருவிழாக் கொடின்னு சொன்னியள்லா அண்ணாச்சி. கறுப்பு அமங்கலம். பச்சை வச்சிட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

"நாசமாப் போச்சு! ஏல, அமெரிக்கால லகோட்டான்னு பூர்வகுடிச் சனம். பெருமையா ஊர்வலத்துல பிடிச்சிட்டுப் போறதுக்குக் கேட்டிருக்காவ. நாலு கலரும் நாலு திசை. செவப்பு வடக்கு, மஞ்ச கெழக்கு, வெள்ள தெக்கு, கறுப்பு மேக்கு. நாளைக்குப் பார்சல் போணும். ஒரு திசையவே அழிச்சிட்டியேல!"

"மேக்குக்குப் போயி கறுப்பா?"

"அங்கருந்துதான் மழை வருதுன்னு அவிய சொல்லுதாவ."

மகள் ஆசையாக வாங்கிய கறுப்புப் புடவையைத் தீபாவளிக்கு உடுத்தவிடாதவன் நான்.

மேற்கே கடல் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர் அதையே பார்த்தார்.

"நமக்கும் அங்கருந்துதான வருது. வாங்க, பட்டறைக்கே திரும்புவோம். பச்சையப் பிரிச்சிருதேன்."

தூறல் விழுந்தது. முதலாளி கொடியைச் சட்டைக்குள் செருகினார்.

"குடைய விரில. அதுவும் கறுப்புதான்."